லண்டன் துரைமார்களுக்கு ஒரு பாராட்டு மடல்

பெருந்தகையீர்,

அயர்லாந்து மக்கள் ஏன் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள் என்று கேட்டால், மதம் என்பார்கள் சிலர். பிறவிக் குணம் என்பார்கள் சிலர். விவரம் தெரியாதவர்கள். இரண்டு கூட்டத்தாரை ஒரு தீவில் சும்மா விட்டால் என்ன நடக்கும்? ஒரு தலைமுறை சண்டை போடுவார்கள், மறு தலைமுறை முகம் கொடுத்துப் பேசுவார்கள், மூன்றாம் தலைமுறையில் சம்பந்தி ஆகிவிடுவார்கள். பகையை நூற்றாண்டுக் கணக்கில் ஆறவிடாமல் காப்பது லேசுப்பட்ட வேலையா? நிலம் வேண்டும், சட்டம் வேண்டும், வரைபடம் வேண்டும், அவசரத்துக்கு இரவல் பீரங்கியும் வேண்டும். அத்தனையும் உங்கள் கைங்கரியம்.

முதலில் நிலம். 1607-இல் அல்ஸ்டரின் கேலிக் பிரபுக்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். அந்த மண்ணில் குடியானவர்கள் உழுதுகொண்டிருந்தார்கள் என்பது அற்ப விஷயம். 1609 முதல் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டண்டுகளை வரவழைத்துக் குடியமர்த்தினீர்கள். நல்ல நிலம் வந்தவனுக்கு, மேட்டுக்காடு இருந்தவனுக்கு. ஒருவனுக்கு ஆத்திரத்தையும் மற்றவனுக்கு அச்சத்தையும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்த உங்கள் நடுநிலையை என்னென்பது!

அடுத்து சட்டம். குடும்பப் பாசத்தில் உங்களுக்கு இருந்த அக்கறைக்கு 1704-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே போதும். கத்தோலிக்கத் தகப்பன் இறந்தால் நிலம் ஆண்பிள்ளைகள் அனைவருக்கும் சமபங்காகப் பிரிய வேண்டும். இதைவிட நியாயம் உண்டா? ஆனால் மூத்தவன் மட்டும் அரசாங்கத் திருச்சபைக்கு மாறிவிட்டால் முழுச் சொத்தும் அவனுக்கே. தகப்பன் உயிரோடிருக்கும்போதே மாறினான் என்றால், அன்றோடு தகப்பனுக்கு ஆயுள் வரை அனுபவிக்கும் பாத்தியதை மட்டும்தான்; சொந்த நிலத்தை விற்க முடியாது. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது மூத்தவன் முகத்தை மற்ற மூவரும், மூவர் முகத்தையும் தகப்பனும் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்! ஊர்ச் சண்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள்.

அதற்கும் முன்பே, 1695-இல், ஐந்து பவுண்டோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள குதிரையைக் கத்தோலிக்கன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதித்திருந்தீர்கள். எந்தப் புராட்டஸ்டண்டும் ஐந்து பவுண்டு ஐந்து ஷில்லிங்கை நீட்டிவிட்டு அந்தக் குதிரையை ஓட்டிக்கொண்டு போகலாம். அண்டை வீட்டார் இருவர் அறிமுகமாவதற்கு எவ்வளவு அருமையான வாய்ப்பு!

ஒரே ஒரு கைப்பிசகு. அதே 1704 சட்டத்தில், அரசாங்கத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டண்டுகளான பிரஸ்பிட்டேரியன்களையும் அரசுப் பதவிகளிலிருந்து தள்ளி வைத்தீர்கள். விளைவு, 1791-இல் பெல்ஃபாஸ்ட் பிரஸ்பிட்டேரியன்கள் ஐக்கிய ஐரிஷ் சங்கம் கண்டு, கத்தோலிக்கர்களோடு கைகோக்கக் கிளம்பிவிட்டார்கள். சண்டை தீர்ந்துவிடும் அபாயம்! நல்ல வேளையாக 1795-இல் அர்மா மாவட்டத்தில் புராட்டஸ்டண்டுகளின் ஆரஞ்சு சங்கம் பிறந்தது. ஐக்கிய ஐரிஷ் சங்கத்தாரின் 1798 கிளர்ச்சிக்குள் ஆரஞ்சு சங்க ஆட்களுக்கு ஊர்க்காவல் படையில் இடமும் கையில் ஆயுதமும் தந்து நிலைமையைச் சீராக்கினீர்கள்.

சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பதை 1914-இல் நீங்கள் விளக்கியது தனி அழகு. அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்ற அல்ஸ்டர் தொண்டர் படைக்கு, ஏப்ரலில், லார்ன் துறைமுகம் வழியாக ஏறக்குறைய 25,000 துப்பாக்கிகள் ஜெர்மனியிலிருந்து வந்திறங்கின. இரவோடிரவாக மோட்டார் கார்களில் போய்ச் சேர்ந்தன. காவலர் தடுக்கவில்லை, வழக்கும் இல்லை. ஜூலையில், தன்னாட்சி வேண்டும் என்ற தரப்புக்கு ஹோத் துறைமுகத்தில் சுமார் 900 துப்பாக்கிகள் இறங்கின. உடனே பட்டாளம் ஓடியது. ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்பும் வழியில், டப்ளின் பேச்சலர்ஸ் வாக்கில், கேலி பேசிக் கல்லெறிந்த கூட்டத்தைச் சுட்டது. அன்றே மூவர் மாண்டார்கள். முதல் படையைத் திரட்டிய எட்வர்ட் கார்சனுக்கு மறு ஆண்டே அட்டர்னி ஜெனரல் பதவி. மனு எழுதுவது வீண், துப்பாக்கிதான் செல்லும் என்ற பாடத்தை இரு தரப்புக்கும் செலவில்லாமல் நடத்தி முடித்தீர்கள்.

1920-இல் தீவை இரண்டாகப் பிரிக்க வரைபடத்தைக் கையிலெடுத்தீர்கள். அல்ஸ்டரில் ஒன்பது மாவட்டங்கள். ஒன்பதையும் சேர்த்தால் புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை நூலிழையில் தொங்கும். ஆறு என்றால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். ஆகவே ஆறு. தீவின் வடகோடி முனை இருக்கும் டொனகோல், வடக்கு அயர்லாந்தில் சேராமல் தெற்கோடு போயிற்று. பூகோளமே உங்களுக்கு விட்டுக்கொடுத்தது என்றால் மனிதர்கள் எம்மாத்திரம்?

1921 டிசம்பரில், கையெழுத்துப் போடாவிட்டால் போர் என்று உங்கள் பிரதமர் லாயிட் ஜார்ஜ் அன்போடு எடுத்துச் சொல்ல, விடுதலைப் போரை முடிக்கும் ஒப்பந்தத்தில் ஐரிஷ் தூதுக்குழு கையெழுத்திட்டது. அதிலிருந்த மன்னர் விசுவாச உறுதிமொழி ஐரிஷ் நாடாளுமன்றத்தை 64-க்கு 57 என்று பிளந்தது. ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் புகுந்திருந்தபோது, 1922 ஜூனில் அதைத் தகர்க்க, ஒப்பந்தத்தை ஏற்ற மைக்கேல் காலின்ஸின் அரசுக்குப் பீரங்கி இல்லை. கொடுத்து உதவினீர்கள். நூற்றாண்டுகளின் ஆவணங்கள் எரிந்து சாம்பலாயின. உங்களை எதிர்த்துப் போராடியவர்கள் உங்கள் பீரங்கியாலேயே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஒரு பேரரசுக்கு இதைவிடக் கௌரவமான வழியனுப்பு விழா உண்டா?

இந்த இடத்தில் ஐரிஷ்காரர்களின் பங்கையும் சொல்லாவிட்டால் பாவம். கெவின் ஓ'ஹிக்கின்ஸின் 1921 திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர், பின்னாளில் ஒப்பந்தத்தை எதிர்த்து ஃபோர் கோர்ட்ஸில் புகுந்தவர்களில் ஒருவரான ரோரி ஓ'கானர். அடுத்த ஆண்டு டிசம்பர் 8 அன்று, அமைச்சர் ஓ'ஹிக்கின்ஸ் சம்மதிக்க, ஓ'கானரும் இன்னும் மூவரும் விசாரணை என்ற வீண்செலவு இல்லாமல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1927 ஜூலையில் பூசைக்குப் போகும் வழியில் ஓ'ஹிக்கின்ஸைச் சுட்டார்கள். அடுத்த மாதமே, ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களின் தலைவர் டி வலேரா, பைபிளைத் தள்ளி வைத்துவிட்டு, இது வெறும் சம்பிரதாயம் என்று சொல்லி அதே உறுதிமொழியின் கீழ் கையெழுத்திட்டார். ஒரு உள்நாட்டுப் போரை நடத்தி முடித்து, நான்கு ஆண்டுகள் நிதானமாக யோசித்து எடுத்த முடிவு. தலைவர் என்றால் அவசரப்படக் கூடாது.

வடக்கே உங்கள் மாணவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். 1967-இல் டெர்ரி நகரில் கத்தோலிக்க வாக்காளர்கள் 14,429, மற்றவர்கள் 8,781. நகரசபையில் தேசியவாதிகள் 8, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய யூனியனிஸ்டுகள் 12. பத்தாயிரம் கத்தோலிக்கர்களை ஒரே வார்டில் அடைத்துவிட்டால் கணக்கு சரியாக வரும். நகரசபை கையில் இருந்தால் வீடு ஒதுக்கும் உரிமை கையில். உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்காரனுக்குத்தான் வாக்கு. எனவே யாருக்கு வீடு தரக் கூடாது என்பதும் தானாகவே தெளிவாயிற்று. இதெல்லாம் வடக்கு அயர்லாந்தின் ஸ்டார்மண்ட் நாடாளுமன்றத்தின் விஷயம் என்று வெஸ்ட்மின்ஸ்டரில் பல பத்தாண்டுகள் வாய் திறவாமல் இருந்தீர்களே, அந்த நாகரிகம் யாருக்கு வரும்!

1971 ஆகஸ்டில் ஒரே விடியலில் 342 பேரை விசாரணையின்றிப் பிடித்தீர்கள். அத்தனை பேரும் தேசியவாதத் தரப்பு. 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் ஊர்வலம் போனவர்கள் மீது உங்கள் பாராசூட் படை சுட்டு 13 பேரைக் கொல்லச் சில நிமிடங்களே பிடித்தன. சிப்பாய்களைப் பெரும்பாலும் குற்றமற்றவர்கள் ஆக்க, விசாரணை நடத்திய விட்ஜரி பிரபுவுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. செத்தவர்கள் நிரபராதிகள் என்று ஒப்புக்கொள்ளத்தான் 38 ஆண்டுகள். நல்ல வார்த்தையை யோசித்துத்தானே சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, அடங்காத இரு கூட்டத்தாருக்கு நடுவே சிக்கிக்கொண்ட பொறுமையான நடுவராக உலகுக்குத் தோற்றம் அளித்தீர்களே, அதற்குத்தான் பொன்னாடை போர்த்த வேண்டும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள் என்பது பொறாமைக்காரர் பேச்சு. தொட்டில் செய்த கூலியையும் பிள்ளையின் அப்பனிடமே வாங்கியவர்கள் நீங்கள்.

வடக்கு அயர்லாந்து மோதலில் ஏறக்குறைய 3,500 பேர் மாண்ட பிறகு 1998-இல் சமாதான ஒப்பந்தம் வந்தது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது பற்றி வாக்கெடுத்தபோது, அயர்லாந்தின் நடுவே தாங்களே போட்ட எல்லைக்கோடு ஒன்று இருப்பது தங்களில் பலருக்கு நினைவே வரவில்லை. வடக்கு அயர்லாந்தில் 56 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்ததும் காதில் விழவில்லை. நானூறு ஆண்டு உழைப்பை இப்படி ஒரேயடியாக மறந்துவிட எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அடிபட்டவர்களுக்குத்தான் அந்தப் பெருந்தன்மை இன்னும் வாய்க்கவில்லை.