மேடும் பள்ளமுமான மதிப்பெண்கள்: கேள்வி-பதில்

கே: ஜிமேட் பரீட்சையில் கணிதத்தில் சிகரம் தொட்டேன், ஆங்கிலத்தில் சறுக்கிவிட்டேன். மொத்தம் கௌரவமாகவே இருக்கிறது. அமெரிக்க நிர்வாகக் கல்லூரிகள் மொத்தத்தைப் பார்க்குமா, பகுதிகளைப் பார்க்குமா? (கோயம்புத்தூர் பொறியாளர்)

ப: இரண்டையும் பார்க்கும். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் கணிதம், மொழி, தரவு நுட்பம் ஆகிய மூன்றும் தனித்தனியே 60 முதல் 90 வரை அளக்கப்பட்டு, சம உரிமையோடு ஒன்று கலந்து, 205க்கும் 805க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைப் பெற்றெடுக்கின்றன என்பது மெய். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறவர் முன்னே அந்தக் குழந்தை மாத்திரம் வருவதில்லை, அதைப் பெற்ற மூன்று எண்களும் தத்தம் பெர்சன்டைல்களோடு கூடவே வந்து நிற்கும். அவருடைய கவலை இரண்டு: முதல் வருஷத்துப் புள்ளியியலிலும் நிதியியலிலும் இவர் கரையேறுவாரா, விவாத வகுப்பில் வாய் திறப்பாரா? ஹார்வர்டில் வகுப்பில் பேசும் பேச்சுக்கே ஒரு பாடத்தின் மதிப்பெண்ணில் பாதி வரை போகக்கூடும் என்றிருக்க, கணிதத்தில் மிஞ்சியதைக் கொண்டு மொழியில் குறைந்ததை ஈடு கட்ட நினைப்பது, குழம்பில் உப்பு போதவில்லை என்பதற்காகப் பாயசத்தில் சர்க்கரையைக் கூட்டுவது போலாகும்.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. பழைய ஜிமேட்டில் கணிதத்துக்கு உச்ச எண் 51. ஆசியாவிலிருந்து கணிதப் புலிகள் வருஷந்தோறும் அணி அணியாகப் புகுந்ததன் பயனாக, அந்த 51ஐ எட்டிப் பிடித்தவருக்குங்கூட 99 பெர்சன்டைல் கிட்டாமல் போயிற்று. மொழிப் பகுதியிலோ 45 வாங்கியவருக்கே அது சுலபமாகக் கிடைத்தது. ஆகவே உங்களைப் போல இயந்திரமும் மின்சாரமும் படித்தவர் கணிதத்தில் உயர்ந்து நிற்பது, பரிசீலனை செய்கிறவருக்கு எதிர்பார்த்த செய்தி. மொழியில் உயர்ந்தால்தான் அவர் நிமிர்ந்து உட்காருவார். பத்து வரி படித்ததும் கொட்டாவி விடும் பழக்கத்தைப் பயிற்சி நிலையங்களின் குறுக்குவழிக் கையேடுகள் போக்கா என்று நான் இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். முழுப் புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து பின் அட்டை வரை படியுங்கள் என்று இன்னும் நூறு முறை எழுதவும் சித்தமாக இருக்கிறேன்.

கே: ஜிமேட்டில் கட்டுரைக்கு எவ்வளவு மதிப்பு? (திருநெல்வேலி)

ப: புதிய ஜிமேட்டில் கட்டுரையே இல்லை.

கே: எந்தப் பகுதியை முதலில் எழுதுவது உத்தமம்? (சேலம்)

ப: ஜிமேட்டில் உங்கள் இஷ்டம், நம் நாட்டு ஐ.ஐ.எம்.கள் நடத்தும் ‘கேட்’ (CAT) தேர்வில் அவர்கள் இஷ்டம்.

கே: நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். மொழியில் பிரமாதம், கணிதத்தில் பரிதாபம். என்ன பரிகாரம்? (மதுரை வாசகி)

ப: முதற் பரிகாரம் மறுபடி எழுதுவது. அது இயலாவிட்டால், கணக்குக்கு அஞ்சாதவர் என்பதற்கு வேறு சாட்சியம் தேட வேண்டும்: உத்தியோகத்தில் வரவு செலவுத் திட்டம் போட்ட அனுபவம், தனியே பயின்று நல்ல மதிப்பெண் வாங்கிய புள்ளியியல் பாடம், அல்லது ஹார்வர்டு வணிகக் கல்லூரியே இணைய வழியில் நடத்தும் ‘கோர்’ என்ற வகுப்பு. பொருளாதாரம், கணக்கியல், தரவு ஆராய்ச்சி ஆகிய மூன்றும் அதில் அடக்கம். உங்களைப் போன்றவர்களுக்கு உகந்தது. சின்ன வயதில் கணக்கு வாத்தியார் மிரட்டிய கதையை மாத்திரம் விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அது சாட்சியம் ஆகாது.

கே: ‘கேட்’ தேர்வில் மொத்தம் 97 பெர்சன்டைல். ஆனாலும் பெங்களூர் ஐ.ஐ.எம். என்னை நேர்முகத்துக்கு அழைக்கவில்லை. அநியாயமல்லவா? (திருச்சிராப்பள்ளி)

ப: உங்கள் பகுதி எண்களை எழுதாமல் விட்டதிலேயே விடை ஒளிந்திருக்கிறதோ என்று ஐயுறுகிறேன். அமெரிக்கர்கள் பள்ளத்தைக் கண்டால் விசாரிப்பார்கள். நம்மவர்களோ கதவைச் சாத்திவிடுவார்கள். பொதுப் பிரிவினருக்குப் பெங்களூர் நிறுவனம் அண்மை ஆண்டுகளில் வைத்திருந்த குறைந்தபட்ச வரம்பு, மொத்தத்தில் 85, கணிதத்திலும் தரவுப் பகுதியிலும் 75, மொழியில் 80 என்பதாகும். பொறியாளர்கள் அலைமோதும் ஒரு ஸ்தாபனம் கணிதத்தைக் காட்டிலும் மொழிக்கு உயர்ந்த வாசற்படி கட்டியிருக்கிறது என்பதைக் கண்டபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை எழுத்தில் அடக்க முடியாது! மூன்றில் ஒன்றில் தடுக்கினாலும் மற்ற இரண்டின் மகிமை அங்கே செல்லாது. மூன்றையும் தாண்டியவருக்கும் அழைப்பு நிச்சயமில்லை. பள்ளி, கல்லூரி மதிப்பெண்களும் அனுபவமும் அதன் பிறகு தராசில் ஏறும்.

கே: தமிழ் வழியில் படித்தவன். ‘கேட்’ மாதிரித் தேர்வுகளில் கணிதமும் தரவும் நன்றாக வருகின்றன. மொழிப் பகுதி ஒவ்வொரு தடவையும் வரம்புக்குக் கீழே விழுகிறது. விட்டுவிடலாமா? (தர்மபுரி மாணவர்)

ப: விடாதே, தம்பி. உன்னைத் தடுப்பது அறிவுக் குறைவு அன்று, வாசித்த பக்கங்களின் குறைவு. அதை நிரப்ப வழி இருக்கிறது. அண்மைத் தேர்வுகளில் அந்தப் பகுதியின் 24 வினாக்களில் 16 வினாக்கள், நான்கு உரைநடைப் பத்திகளைப் படித்துப் பொருள் கண்டு விடையளிப்பவை. அகராதியை மனனம் செய்தவனுக்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. பொருளாதாரம், சரித்திரம், விஞ்ஞானம், தத்துவம் என்று பல துறைகளிலும் தினம் ஒரு நீண்ட கட்டுரையை ஆங்கிலத்தில் படித்து, ஆசிரியர் எதை நிலைநாட்ட வருகிறார், எதை மறுக்கிறார் என்பதை உன் தமிழிலேயே மூன்று வாக்கியங்களில் எழுதிப் பார். ஒரு வாதத்தின் போக்கைப் பிடிக்கும் சக்தி எந்த பாஷையில் வளர்ந்தாலும் மற்றொன்றுக்கும் உதவும். பரீட்சை நாளில் அந்தப் பகுதிக்கு உள்ளவை 40 நிமிஷங்களே. நான்கு பத்திகளையும் அரைகுறையாக மேய்வதைவிட மூன்றைத் தீர்க்கமாகப் படி. தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதால் ஊகத்தில் இறங்காதே. விடையை நாமே தட்டச்சு செய்யும் வினாக்களில் அந்தத் தண்டனை இல்லை, ஆகையால் அவற்றில் ஒன்றையும் வெறுமையாக விடாதே. அடுத்த மாதிரித் தேர்வு முடிந்ததும் பகுதி எண்கள் மூன்றையும் எனக்கு எழுது.