நடக்கிறவருக்குச் சுங்கம் இல்லை

மரக்காணத்திலிருந்து அனுமந்தை வரை காரணமில்லாமல் ஒருவர் நடந்துவிட முடியாது. கால் ஒத்துழைக்கும், ஊர் ஒத்துழைக்காது. இந்தப் பக்கத்தில் நடைக்கு மூன்று காரணங்களைத்தான் ஒப்புக்கொள்வார்கள்: சாமி, சர்க்கரை, சண்டை. வேண்டுதல் என்றால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும். சர்க்கரை என்றால் வைத்தியம் கிடைக்கும். வீட்டில் சண்டை என்றால் நிழலில் உட்காரவைத்து முழுக்கதையையும் கேட்டுக்கொள்வார்கள். "சும்மா நடக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் கண்ணாலேயே ஏதோ சொல்வார்கள்.

வேல்ஸ் நாட்டில் இந்தத் தொல்லை இல்லை. 2012இல் தங்கள் கடற்கரை முழுவதையும் ஒரே நடைபாதையாக்கித் திறந்துவிட்டார்கள். சுமார் 1,400 கிலோமீட்டர். முதுகுப் பையும் ஊன்றுகோலுமாக எழுபது வயதுக்காரர் கிளம்பினால், "மகன் வண்டியில கொண்டாந்து விடக்கூடாதா?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஸ்பெயினில் சந்தியாகோ தேவாலயத்துக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்துபோனால் சான்றிதழே தருகிறார்கள். இங்கே அப்படி ஒரு திட்டம் வந்தால், நடக்காமலே வாங்கித் தர ஆள் முளைத்துவிடுவார் என்பதால் அந்த ஆசை எனக்கு இல்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையும் 1,000 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் அதில் நடப்பவர் இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டேதான் போகவேண்டியிருக்கிறது.

சாலையில் கேள்விகள் அதிகமென்று உப்பளத்து வரப்பில் இறங்கினேன். பக்கிங்காம் கால்வாய் ஆந்திராவிலிருந்து வந்து முடியும் இடம் மரக்காணம். அங்கிருந்து கழுவெளிச் சதுப்புநிலம் வரைக்கும் உப்பும் சேறும் தண்ணீரும்தான். பாத்திகள் கண்ணாடித் துண்டுகளாகக் கிடக்கின்றன. கீழிருந்தும் வெயில் அடிக்கும் இடம் இது ஒன்றுதான். தொப்பியால் பயனில்லை, தாடைக்குக் குடை வேண்டும். ஒரு பாத்தி நீர் வெறும் நீராக இருக்க, அடுத்த பாத்தியின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்திருந்தது. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே கணக்கில் கடல்நீர் சுமார் 3 டிகிரி. பாத்தி மாறி மாறிக் காய்ந்து 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு உட்காரும். நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் அதை வாரி வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார்.

"இன்னா சார், அளக்க வந்தீங்களா?"

"இல்லம்மா, சும்மா நடக்குறேன்."

"இந்த வெயில்லயா? வண்டி இன்னா ஆச்சி?"

"வண்டியில வரல."

"வூட்ல தெரியுமா?"

நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்று, கூடை கூடையாகத் தலையில் சுமந்து வரப்பேறுகிறவர் கேட்கிறார். என்னிடம் நேர்மையான பதில் இல்லை. தெரியும் என்று சொல்லி வைத்தேன்.

கழுவெளியில் பருவத்துக்கு வரும் வலசைப் பறவைகள் என்னைவிடக் கொடுத்துவைத்தவை. நாடு விட்டு நாடு வருகின்றன. யாரும் காரணம் கேட்பதில்லை. 2021இல் அரசே சரணாலயம் என்று அறிவித்து மரியாதை செய்திருக்கிறது.

நம்மவர்கள் சும்மா நடந்ததே கிடையாதா என்று யோசித்தால் சிறுபாணாற்றுப்படை ஞாபகம் வருகிறது. இதே கரையின் நடைவழிகாட்டி அது. நல்லூர் நத்தத்தனார் எழுதியது. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். அங்கிருந்து வேலூர், ஆமூர் வழியாகத் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் வரை பாதை. தூரத்தைப் பற்றிப் புலவர் அதிகம் கவலைப்படவில்லை, சாப்பாட்டைப் பற்றித்தான். கடற்கரையில் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும். நடுவே உப்பு வண்டியோடு வந்த ஒரு மந்தி, சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆக்கிக் குழந்தைகளோடு விளையாடுகிறது. இவ்வளவு ருசியாக ஒரு சுற்றுலாத்துறைக் கையேடு எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பாதையில் போகும் பாணரும் சும்மா நடக்கவில்லை. பசி ஒரு பக்கம். போய்ச் சேர்ந்தால் அரசன் நல்லியக்கோடன் தேர் தருவான் என்ற நம்பிக்கை மறு பக்கம். இனி நடக்க வேண்டாம் என்பதற்காக நடந்த நடை!

1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நூறு பேரோடு 240 கிலோமீட்டர் நடந்ததும் உப்புக்காக. சத்தியாக்கிரகிகளுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டினார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று மரத்தையா கைது செய்ய முடியும்?

நடப்பவருக்குச் சோறு போடும் அந்தக் கை இன்னும் இந்தப் பக்கம் ஓயவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வந்து பாருங்கள். சென்னையிலிருந்து காவி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த சின்னத் தேரை இழுத்துக்கொண்டு, வேளாங்கண்ணிக்குக் கூட்டம் கூட்டமாக நடந்துபோவார்கள். கொப்புளத்துக்குத் துணி சுற்றிய கால்கள், விடிகாலையில் தொடங்கும் பாட்டு, வழியெல்லாம் மோரும் சோறும். இந்தியாவின் நெடுநடைப் பாதை ஒன்று அம்புக்குறியே இல்லாமல் இங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் சேர்ந்துகொண்டால் என்னையும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனால் நான் நடந்தது ஆகஸ்டில் இல்லை.

அனுமந்தை சுங்கச்சாவடி கண்ணில் படும்போது ஒரு இளைஞர் பைக்கை நிறுத்தினார். கட்டணப் பலகையில் கார், வேன், பஸ், லாரி என்று வகைவகையாக இருக்கும், மனிதன் இருக்கமாட்டான். நடக்கிறவருக்குச் சுங்கம் இல்லை, அந்தஸ்தும் இல்லை.

"ஏறுங்க சார், வுட்டுடறேன்."

"வேணாம் தம்பி, நடக்கணும்."

முகம் சுருங்கிவிட்டது. பின்சீட்டை மறுப்பது இங்கே பந்தியில் இலையை மறுப்பதுபோல. உப்பளத்தில் பட்ட பாடு போதுமென்று, "சுகர்" என்றேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்தது.

"சாப்பாட்டுக்கு முன்னாடி எவ்ளோ சார்?"

"நூத்திநாப்பது," என்றேன். வாயில் வந்த எண்.

"எங்கப்பாவுக்கு இருநூறு சார். நீங்க நடங்க, நடங்க," என்று முதல் கியரில் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார். ஆவாரம்பூ, நாவல் கொட்டை, பாகற்காய்ச் சாறு எல்லாம் வந்தது. சாவடி வந்ததும் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி போய் வந்துடலாமா சார்? இருபது குறையும்."