ரத்தம் உறைய எத்தனை விநாடி?

கேள்வி: உலோக இதய வால்வு பொருத்திய அப்பாவின் ஐ.என்.ஆர். 2.7. ரிப்போர்ட்டில் 'நார்மல் 0.8–1.2' என்று போட்டிருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த 'நார்மல்', ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு. உலோக வால்வில் ரத்தக்கட்டி உருவாகலாம் என்பதால்தான் வார்ஃபரின் கொடுக்கிறார்கள். அத்தகைய வால்வு உள்ளவர்களுக்கு இலக்கு பெரும்பாலும் 2-க்கும் 3.5-க்கும் இடையில். அப்பாவுக்கு 1 என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும்!

ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு; அதற்கான சோதனை எளிது. நீல மூடிக் குழாயில் உள்ள சிட்ரேட், ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துவைத்து, உறையாமல் காக்கும். பிறகு பிளாஸ்மாவில், உறைதலைத் தூண்டும் த்ரோம்போபிளாஸ்டினும் கால்சியமும் சேர்த்து, உறையும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். மருந்தில்லாதவருக்குச் சுமார் 11 முதல் 13.5 விநாடி. 1935-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்மண்ட் குவிக் கொண்டுவந்த முறை இது.

சிக்கல் ஒன்று இருந்தது. லேபுக்கு லேப் த்ரோம்போபிளாஸ்டினின் வீரியம் மாறியதால், விநாடியும் மாறியது. ஊருக்கு ஒரு படி வைத்து நெல் அளந்த கதைதான். 1983-இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்ற பொது அளவைக் கொண்டுவந்து அதைத் தீர்த்தது.

வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்பதற்காக அப்பா முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடட்டும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ கூடாது. ஈறில் ரத்தம் கசிந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.