மணிக்கட்டு மாமா

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் வலது கையைக் குலுக்கிய கையோடு இடது கையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் விடாமல் நிற்கிறார் என்றால், பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய கட்டைவிரல் மெல்ல மெல்லக் கோட்டுக் கையை ஓர் அங்குலம் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். போட்டோகிராபர் “சார், இங்க பாருங்க” என்று கத்துவார். நம் ஆளோ தான் பார்க்க வேண்டியதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேடையை விட்டு இறங்கும்போதே தீர்ப்பு வந்துவிடும்:

“பையன் தங்கமான பையன். ஆனா குவார்ட்ஸ்.”

இவர்தான் மணிக்கட்டு மாமா. எல்லா அடுக்கக வளாகத்திலும் ஒருவர் இருக்கிறார். எனக்குத் தெரிந்தவர் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, மாலை போட்ட படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் கைகூப்பி நின்றார். வீட்டார் நெகிழ்ந்துபோனார்கள். வெளியே வந்ததும் என் காதில் சொன்னார்: “ஃபேவர் லூபா சார். 1737லேர்ந்து இருக்கற கம்பெனி. பெரியவர் ரசனையானவர்.”

மாமாவின் உலகத்தில் மனித குலம் இரண்டே சாதி. இயந்திர வாட்ச் கட்டுகிறவர்கள், பேட்டரி வாட்ச் கட்டுகிறவர்கள். பேட்டரி என்ற சொல்லையே அவர் வில்லன் நம்பியாரைப் பற்றிப் பேசுகிற பழைய சினிமா ரசிகரைப் போலத்தான் உச்சரிப்பார். 1969ஆம் வருடம் கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் பேட்டரியில் ஓடும் உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு அதன் விலை ஒரு சின்னக் காரின் விலை. அப்புறம் விலை சரிந்தது, கூடவே ஸ்விட்சர்லாந்தும் சரிந்தது. 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த தொழிலில், பதினைந்து வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான் மிஞ்சினார்கள். இதை மாமா சொல்லக் கேட்க வேண்டும். தஞ்சாவூர் ஜில்லாவில் சொந்த நிலம் பறிபோன மாதிரி குரல் தழுதழுக்கும்.

அவர் ஒரு வாட்ச்சை எடை போட மூன்று அளவுகோல் வைத்திருக்கிறார்: குவாலிட்டி, ஸ்டைல், வேல்யூ.

குவாலிட்டி என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம். “உள்ள பல்சக்கரத்தைத் தாங்கற பாலத்தோட ஓரத்தைக்கூடக் கையாலயே இழைச்சு மெருகு போட்டிருக்கான் சார்” என்பார். மூடி திறந்தால்தானே தெரியும் என்று கேட்டால், “திறக்கவே கூடாது, தண்ணி புகாத கேஸ்” என்பார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

ஸ்டைல் என்றால் வாட்ச் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா. ஔதமார் பிகே நிறுவனத்துக்காக அவர் ஒரே ராத்திரியில் வரைந்ததாகச் சொல்லப்படும் ராயல் ஓக் வாட்ச் 1972இல் வந்தது. எண்கோண வளையம், அதில் எட்டுத் திருகாணிகள் வெளியே தெரியும். எஃகில் செய்துவிட்டு, தங்க வாட்ச்களையே மிஞ்சுகிற விலை வைத்தார்கள். மாமா அதை இதுவரை தொட்டதில்லை. ஆனாலும் அந்தத் திருகாணிகளைப் பற்றி அவரால் ஒரு மத்தியானம் முழுக்கப் பேச முடியும்.

வேல்யூதான் விவகாரமான இடம். “ரோலெக்ஸ் செலவு இல்ல சார், முதலீடு. பாதி பிராண்டுகளைக் கடையை விட்டு வெளியே கொண்டுவந்த நிமிஷமே விலை விழுந்துடும். இது விழாது. பெட்டியும் பேப்பரும் மட்டும் பத்திரமா இருக்கணும்.” இந்த வசனத்தை ஒரு முறை அவர் சமையலறைக்குக் கேட்கும் தூரத்தில் சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து மாமி வந்தார். “ஏங்க, ரெண்டு பவுன் வளையலுக்குச் செய்கூலி சேதாரம்னு மூணு நாள் அழுதீங்களே. அந்த வாட்ச்சுல எவ்வளவு இரும்பு, எவ்வளவு சேதாரம்னு கேட்டுச் சொல்லுங்க.” மாமா இன்றுவரை கேட்டுச் சொல்லவில்லை.

இவரிடம் போய்த்தான் அவருடைய அக்கா மகன் ஆலோசனை கேட்டான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கையில் ஐம்பதாயிரம்.

“ஐம்பதா? இன்னும் கொஞ்சம் போட்டா டிஸ்ஸோ பி.ஆர்.எக்ஸ். ஆட்டோமேட்டிக். எண்பது மணி நேரம் கழட்டி வச்சாலும் நிக்காது.”

பையன் சரி என்றான். அது தப்பு. மாமாவிடம் சரி என்றால் அடுத்த படி ஏற்றிவிடுவார்.

“அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் போட்டா லாஞ்சீன்ஸ். 1832 கம்பெனி. லாஞ்சீன்ஸ் வரைக்கும் வந்துட்டு டியூடர் வாங்காம போறது பாவம், ரோலெக்ஸ் ஆரம்பிச்சவரே ஆரம்பிச்சது. டியூடருக்குக் கொடுக்கற காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா ஒமேகா. சந்திரனுக்குப் போனது. இப்ப வர்ற ஒமேகா 15,000 காஸ் காந்தத்தையும் தாங்கும் தம்பி, எம்.ஆர்.ஐ. மெஷின் பக்கத்துலயே நிக்கலாம்.”

“எனக்கு எதுக்கு மாமா ஸ்கேன்?”

“சொல்ல முடியாதுடா. சரி, கிராண்ட் சீக்கோ பாத்திருக்கியா? ஸ்பிரிங் டிரைவ். ஒரு நாளைக்கு ஒரு செகண்ட்தான் முன்ன பின்ன. டயல்ல பனி விழுந்து உறைஞ்சு கிடக்கும்.” அக்னி நட்சத்திரம், மின்சாரம் வேறு இல்லை. இருவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பனியை மாமாவின் டேப்லெட்டில் பார்த்தார்கள். அங்கிருந்து ரோலெக்ஸ். ஆனால் ஆசைப்பட்ட எஃகு மாடல் கடைக்குப் போனவுடன் கிடைக்காது, பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் போகிறோம் என்றால் இன்னும் கொஞ்சம் போட்டு படேக் ஃபிலிப்பின் நிரந்தர நாட்காட்டி வாட்ச்சுக்கே போய்விடலாமே? நிற்காமல் ஓடினால் 2100ஆம் வருடம் வரை தேதியைத் திருத்தவே வேண்டாம்.

“அப்ப நான் இருக்க மாட்டேனே மாமா?”

“உன் பேரன் இருப்பான்ல. சுயநலமா யோசிக்காதே.”

அந்த விலைக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் வரும் என்று பையன் கணக்குப் போட்டு முடித்தபோது இரவு மணி பத்து. ஃபிளாட்டுக்கு மறுவிற்பனை மதிப்பு எப்படி என்று மாமா யோசிக்க ஆரம்பித்தார்.

மாமாவிடமும் ஒரு ஸ்விஸ் ஆட்டோமேட்டிக் இருக்கிறது, ஓய்வு பெற்றபோது வாங்கியது. கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. கீறல் விழுந்தால் விலை போகாதாம். முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் வாட்ச், ஆனால் கை கழுவப் போகும்போது கழற்றிவிடுவார். ஞாயிறு மட்டும்தான் கட்டுவார். கையில் இருந்தால்தானே அது தன்னைத் தானே முறுக்கிக்கொள்ளும்? பீரோவில் கிடந்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. ஆகவே ஒவ்வொரு ஞாயிறு காலையும் அதைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து மீட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதுவும் சும்மா திருகிவிட முடியாது. முள் இரவு ஒன்பதுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் நடுவில் இருந்தால் தேதியை மாற்றக் கூடாது, பல்சக்கரம் கெட்டுப்போகும். நின்றுபோன வாட்ச் காட்டுவது பகல் பதினொன்றா, இரவு பதினொன்றா? அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். காபி ஆறிவிடும். கடைசியில் சரியான மணி எது என்று எட்டிப் பார்ப்பது சமையலறைச் சுவரை. நகைக்கடையில் வளையலோடு இலவசமாகக் கொடுத்த கடிகாரம் அங்கே தொங்குகிறது. குவார்ட்ஸ்.

ஸ்விட்சர்லாந்தின் அதிகாரபூர்வமான குரோனோமீட்டர் சான்றிதழுக்கு ஓர் இயந்திர வாட்ச் நாளொன்றுக்கு நான்கு செகண்ட் பின்தங்கலாம், ஆறு செகண்ட் முந்தலாம். சாதாரணக் குவார்ட்ஸ் வாட்ச் ஒரு மாதம் முழுக்க ஓடி பதினைந்து செகண்ட் வாக்கில் தவறும். இதை நான் ஒரு முறை எடுத்துச் சொன்னேன். மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார். “மணி பாக்கறதுக்கா சார் வாட்ச் வாங்கறோம்?”

கேள்வி நியாயமானதுதான் என்று எனக்கே தோன்றியது. அந்த மனிதர் மூன்று கடைகளின் விலைப்பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிறார், அந்த ஒரு வாட்ச்சுக்கு மேல் எந்தக் கடைக்கும் ஒரு ரூபாய் கொடுக்காமல் இத்தனை வருடமாகச் சந்தோஷமாக இருக்கிறார். ஒப்பிடுவதில் இருக்கிற சுகம் வாங்கினால் போய்விடும். அவருக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

அக்கா மகனின் வாட்ச்சை அவன் மாமனார் பாண்டி பஜாரில் அரை மணி நேரத்தில் வாங்கிவிட்டார். டைட்டன், ஓசூர்க்காரன். மாமா வரவேற்பு மேடையில் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஸ்ட்ராப் நல்லா இருக்கு” என்றார்.

நீங்களும் அவரிடம் ஆலோசனை கேட்கப் போவதாக இருந்தால், பட்ஜெட்டை மட்டும் சொல்லாதீர்கள். சர்வீஸைப் பற்றிக் கேளுங்கள். அதில் மாமா பொய் சொல்ல மாட்டார். இயந்திர வாட்ச்சை ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் ஒரு முறை முழுசாகப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டுப் பூட்ட வேண்டும். பெரிய பிராண்டுகளில் அந்த ஒரு தடவைக்கு ஆகும் காசில் நல்ல டைட்டன் ஒன்று வாங்கலாம். மிச்சப் பணத்தில் மாமிக்கும் ஒன்று.