சொல்லமாட்டார், அறைவார்

மேடைத் தமிழர் எதையும் சொல்லமாட்டார், அறைவார். வள்ளுவர் அன்றே அறைந்தார், கம்பன் ஆணித்தரமாக அறைகிறான், திருமூலர் அப்போதே அறைந்துவிட்டார் என்று இவர் அடுக்கும்போது, நம் புலவர்கள் எல்லாரும் கை ஓங்கும் பேர்வழிகள் என்று முன்வரிசைப் பிள்ளைகள் நினைத்தால் அவர்கள்மேல் பிழையில்லை. மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஆள்காட்டி விரலை உயர்த்தி, 'றை'யை ஐந்தாறு மாத்திரைக்கு இழுத்து நிறுத்துவார். கைதட்டல் விழும். விழுந்ததும் அடுத்த புலவருக்குத் தாவிவிடுவார். அறைந்தது என்ன, எந்த நூலில் என்பதெல்லாம் பொன்னாடையோடு போயிற்று. காலையில் வெந்நீர் குடிப்பது நல்லது என்பதைக்கூட ஏதாவது ஒரு சித்தர் தலையில் கட்டி, அவரையும் அறைய வைத்துவிடுவார்.

அடிப்பது, முழக்குவது, சொல்வது எல்லாமே 'அறை'யின் பொருள்கள்தாம். பறையறைதலும் அறைகூவலும் இன்றும் வழக்கில் உள்ளவை. ஓங்கிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா என்று இவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கம்பன் அதை எங்கே வைத்தான்? அவையடக்கத்தில். பாற்கடலை நக்கியே தீர்த்துவிடலாம் என்று கிளம்பிய பூனையாகத் தன்னைக் காட்டிக்கொண்டு, ஆசையால் இராமன் கதையை அறையப் புகுந்தேன் என்கிறான். 'ஆசை'க்கு மோனையாகவும் வந்து அமர்ந்த சொல் அது; மார்தட்ட வந்ததல்ல. வள்ளுவரோ 1076ஆம் குறளில், காதில் விழுந்த இரகசியத்தை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கயவரை அறையப்படும் பறை என்கிறார். ஒருவர் பணிவுக்கு எடுத்தார், மற்றவர் வசைக்கு எடுத்தார். சான்று கேட்பவர் வாயை அடைக்க இருவருமே எடுக்கவில்லை.

பழஞ்சொல்லைக் காப்பாற்றுகிறேனே என்பார். உண்மைதான், கையில் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் ஒரு மணி நேரம் தமிழ் பேச இவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆனால் பகர், நவில், நுவல், விளம்பு, இயம்பு என்று அத்தனை சொற்களைப் பட்டினி போட்டு ஒன்றுக்கே ஊட்டுவது என்ன காப்பு? தொல்காப்பியர் முதல் நூற்பாவிலேயே 'என்ப' என்று மூன்றெழுத்தில் முன்னோரைச் சுட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அவரும் சொன்னவர் பெயரைத் தரவில்லையே என்றால், சரி. எழுத்து முப்பது என்று கணக்கை முன்னால் வைத்துவிட்டல்லவா 'என்ப' போட்டார்! ஐயா, எந்தக் குறள், என்ன எண்? அதைச் சொல்லிவிட்டு அப்புறம் தாராளமாக அறையுங்கள்.