இரவல் டார்ச்சும் ஏழு மலையும்

நாங்கள் மலையேறத் தொடங்கிய காலத்தில் மலைக்குப் போகிறவனுக்குப் பரிசு கொடுக்கிற வழக்கமே கிடையாது, இரவல்தான் கொடுப்பார்கள். சிவராத்திரி நெருங்கியதும் கோவைப் பக்கத்து வீடுகளில் யாராவது ஒருவர் ஏழு மலை ஏறி வெள்ளியங்கிரிக்குப் புறப்படுவார், அவருக்குத் தெருவே சாமான் சேர்த்துக் கொடுக்கும். பெரியப்பாவின் மூன்று செல் டார்ச், எதிர்வீட்டு மிலிட்டரிக்காரரின் தண்ணீர் பாட்டில், அத்தை வீட்டுக் கம்பளி, யாருடையது என்று எவருக்கும் நினைவில்லாத ஒரு குரங்குக் குல்லாய். ஒவ்வொன்றோடும் ஒரு புத்திமதி இலவசமாக வரும். "கண்ணு, வழி தெரியற எடத்துல அணைச்சுரு, செல்லு போயிரும்" என்பார் பெரியப்பா, நான் ஏதோ நிலவையே இரவல் வாங்கிப் போகிறவன் மாதிரி.

அந்த டார்ச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பூச்சு உரிந்து பித்தளை அங்கங்கே எட்டிப்பார்க்கும் உடம்பு. தலையைத் திருகினால் வெளிச்சம் குவியும், எதிர்ப்பக்கம் திருகினால் பரவும். வால்மூடியைக் கழற்றினால் சுருள்கம்பிக்கு நடுவே, துளிப் பஞ்சு சுற்றி, ஓர் உபரி பல்பு ஒளிந்திருக்கும். செல் தீர்ந்தால் தூக்கி எறிகிற புத்தி அப்போது யாருக்கும் வந்திருக்கவில்லை. மொட்டைமாடியில் வடகத்தோடு வெயிலில் காயப் போடுவோம், சாயங்காலம் எடுத்துப் போட்டால் மங்கலாகவாவது எரியும். ஐந்தாறு பேருக்கு அந்த ஒரு டார்ச்தான் என்பதால், முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தே பின்னால் வருகிறவர் கால் வைக்க வேண்டும். 'கல்லு', 'படி', 'வழுக்கு' என்று முன்னாலிருந்து ஒரு சொல் புறப்பட்டு, வாய் மாறி வாய் மாறிக் கடைசி ஆளை வந்து சேரும்போது கடைசி ஆள் பெரும்பாலும் விழுந்து எழுந்திருப்பான்.

இப்போது அக்கா மகன் எனக்கு ஒரு ஹெட்லாம்ப் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நெற்றியில் பட்டையாகக் கட்டிக்கொள்வது, செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறுவது. "மாமா, இதுல செவப்பு லைட்டும் இருக்குதுங்க, அதப் போட்டா இருட்டுக்குப் பழகின கண்ணு கூசாதுங்க" என்று பாடம் நடத்தினான். உண்மைதான். கை இரண்டும் காலியாக இருப்பதால் செங்குத்தான படிகளில் பற்றி ஏற முடிகிறது, அதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஆளுக்கொரு சூரியன் நெற்றியில் உதித்துவிட்ட பிறகு யாரும் யாருக்கும் 'கல்லு' என்று சொல்வதில்லை. திரும்பி முகம் பார்த்துப் பேசலாமென்றால் இருவரும் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கிறது. என்றாலும் மலைக்குப் போகிற நண்பருக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹெட்லாம்ப்தான். பெரியப்பா இருந்திருந்தால் அவரும் ஒன்று வாங்கி, வழி தெரிகிற இடங்களில் அணைத்திருப்பார்.

மிலிட்டரிக்காரரின் பாட்டில் வேறு ஜாதி. அலுமினிய உடம்பு, அதன்மேல் தடித்த காக்கிக் கம்பளி உறை. அந்த உறையை நனைத்துவிட்டு நடக்கச் சொல்வார். காற்றில் ஈரம் உலர உலர உள்ளேயிருக்கும் தண்ணீர் பானைத் தண்ணீராகக் குளிரும். வெள்ளியங்கிரி வழியிலுள்ள ஆண்டிசுனையில் நிரப்பிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தால் அலுமினியமும் மலையும் சேர்ந்து ஒரு ருசி. இன்று பரிசாக வருவது இரட்டைச் சுவர் எஃகுக் குடுவை. காலையில் ஊற்றிய ஐஸ் தண்ணீரை நள்ளிரவிலும் ஐஸாகவே வைத்திருக்கும். பல் கிட்டுகிற குளிரில், ஏழாவது மலையின் காற்றில், அதைத் திறந்து குடித்த பாக்கியசாலிகளை நான் அறிவேன். அதே குடுவையில் சுக்குக் காபி ஊற்றிக் கொடுங்கள், பரிசு சட்டென்று அர்த்தமுள்ளதாகிவிடும்.

தடி விஷயத்தில்தான் முன்னேற்றம் என்னை ஜெயித்தது. வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள். தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, பெண் பார்க்கிற கவனத்தோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இறங்கி வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்தருகே சாத்தி வைப்போம். வாலிபத்தில் நான் அந்தத் தடியைத் தோளில் குறுக்கே போட்டு, இரண்டு கையையும் அதன்மேல் தொங்கவிட்டு, சினிமாக் கதாநாயகனாக ஏறினேன். ஊன்றி நடப்பது கிழவர்களின் வேலை என்பது என் கொள்கை. இன்றைக்கு என் முழங்கால் கொள்கை பேசுவதில்லை. ஏறும்போது இரைக்கிற மூச்சு உட்கார்ந்தால் அடங்கிவிடும், இறங்கும்போது முழங்காலில் விழுகிற பாரம் அடுத்த வாரம் வரை கணக்குச் சொல்லும். மடக்கி நீட்டுகிற அலுமினியக் கோல்கள் இரண்டை ஊன்றினால் அந்தப் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போகிறது. ஏற்றத்தில் கொஞ்சம் குட்டையாக்கிக்கொள்ளலாம், இறக்கத்தில் நீட்டிக்கொள்ளலாம். நாற்பதைத் தாண்டிய எந்த நடையருக்கும் ஒரு ஜோடி கொடுங்கள். சிரித்துக்கொண்டே வாங்கிவைப்பார், இறங்கும்போது உங்களை நினைப்பார்.

ஷூ மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நடக்க நடக்கக் கால் வீங்கும், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். இதையெல்லாம் அவரவர் காலை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். முதுகுப் பையும் அப்படியே, இடுப்புப் பட்டை சரியாக இடுப்பில் உட்காராத பை தோளைத் தின்றுவிடும். நாங்கள் செருப்பையே அடிவாரத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறியவர்கள், மஞ்சள் பையைத் தோளில் மாட்டியவர்கள்; அளவுப் பிரச்சினை எங்களுக்கு எழவே இல்லை.

வாயில் போட்டுக்கொள்ள இப்போது எனர்ஜி பார் என்று ஒன்று வருகிறது. பளபளப்பான உறையைப் பிரித்தால் உள்ளே கடலை, பாகு, கொஞ்சம் பேரீச்சை. கோவில்பட்டியில் ஏறக்குறைய இதைத்தான் வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள், 2020-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். தவிரவும் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிடுகிறார்கள். எவர்சில்வர் டப்பா நிறையக் கடலைமிட்டாய், அதுவும் உறையில்லாமல், எந்தச் சோதனையிலும் தேறும்.

அட்டைக்கு நாங்கள் துணியில் உப்பு முடிந்து குச்சியில் கட்டிக்கொண்டு போவோம், சிலர் மூக்குப்பொடி. வால்பாறை மழையில் உப்பு முடிச்சு கரைந்து காலெல்லாம் உப்புநீர் வழிய, அட்டை மட்டும் தன் பந்தியை முடித்துக்கொண்டுதான் எழுந்துபோகும். இன்றைக்கு முழங்கால்வரை ஏறுகிற நெருக்கமான நெசவுத் துணியுறை, அட்டை சாக்ஸ் என்றே விற்கிறார்கள். விலையும் அதிகமில்லை. ஆனாலும் யாரும் தனக்கென்று வாங்கிக்கொள்வதில்லை, அதனால்தான் அதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியவில்லை.

இரவல் சாமானில் எனக்குப் பிடித்ததே அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிற சாயங்காலம்தான். டார்ச்சை நீட்டினால் பெரியப்பா முதலில் வால்மூடியைத் திறந்து உபரி பல்பு இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு திண்ணையில் உட்காரவைத்து, கூட்டம் எப்படி, காற்று எப்படி, எந்த மலையில் எவன் உட்கார்ந்துவிட்டான் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். விபூதிப் பொட்டலத்தை வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்ளும்போது பாதி யாத்திரை அவர் கணக்கில் சேர்ந்துவிடும். பரிசுக்கு அந்தச் சாயங்காலம் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போட்டால் கணக்கு முடிந்தது, சாமான் பரணுக்குப் போய்விடுகிறது.

ஒரு பாவம் பாக்கி இருக்கிறது. என் இருபது வயதில் நான் மலைமேல் டிரான்சிஸ்டர் சுமந்து போனவன். நடுவழியில் இலங்கை வானொலி கேட்டால் ஊரே என்னைப் பார்க்கும் என்று நினைத்தேன், பார்த்தார்கள், ஒரு பெரியவர் மட்டும் 'சாமி, மலை பேசறதக் கொஞ்சம் கேளு' என்றார். எனக்கு அது பொறாமை என்று தோன்றியது. இன்று சட்டைப் பையளவு ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பரிசாகப் பெற்ற பிள்ளைகள் முன்னும் பின்னும் ஏறும்போது அந்தப் பெரியவரின் இடத்தில் நான் நிற்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் கொடுக்காதீர்கள்.

சாமானே வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறொன்று இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, நினைத்தபோது நினைத்த காட்டுக்குள் போவதெல்லாம் முடிந்தது. அனுமதியும் விதிகளும் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அரசே இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது, கூடவே உள்ளூர் வழிகாட்டிகளும் வருகிறார்கள். நண்பருக்கு ஒரு நடையைப் பதிவு செய்துகொடுங்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், ஆகையால் தேதியைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.