சோபா நிற சித்தாந்தம்: பரபக்கமும் சுபக்கமும்

மனையடி சாத்திரம் அறையின் அகலம் சொல்லும், நீளம் சொல்லும், அதனால் விளையும் பலனும் சொல்லும். ஹாலில் போடும் சோபாவின் நிறத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காது. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். பிறர் மதத்தை மறுத்த பிறகே தன் மதத்தை நாட்டுவது சைவ சித்தாந்திகளின் வழக்கம் ஆகையால், பரபக்கம் முதலில்.

பொருத்தவாதிகள் என்போர் சுவர், திரைச்சீலை, சோபா மூன்றும் இசைந்து போக வேண்டும் என்பார்கள். உள் அலங்காரக்காரர்களின் 60-30-10 கணக்கு இவர்களுக்கு வேதம்: சுவரும் தரையும் 60 பங்கு, சோபா போன்ற பெரிய சாமான்கள் 30, குஷன் வகையறா 10. கணக்கில் பிழையில்லை. கண்ணில்தான் பிழை.

பாரிஸ் நகரத்தின் கோபெலான் நெசவாலையில் 1824-இல் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தார் வேதியியலாளர் மிஷேல் எழேன் ஷெவ்ரல். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று அங்கே புகார். அவர் வேறு பட்டறைகளின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் பழுதே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்திருந்தன. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தை எதிர்த்திசையில் தள்ளும் என்ற இந்த விதியை 1839-இல் பெரிய நூலாகவே எழுதினார். எழுதிய பின்னும் 50 ஆண்டு வாழ்ந்து, 102 வயதில் காலமானார். இதனால் பெறப்படுவது யாதெனின்: கிளிப்பச்சைச் சுவரோரம் சாம்பல் நிற சோபாவைப் போட்டால் அதில் லேசாக ரோஸ் படரும், மெரூன் சோபா இன்னும் மெரூனாகும். "நாம வாங்கினது இந்தக் கலரே இல்லீங்க" என்று வீட்டம்மா சொன்னால் அது சண்டை அன்று, ஷெவ்ரல் விதி.

அடுத்தது கடைவாதம். கடையில் கண்ட நிறமே மெய்நிறம் என்பது இதன் சாரம். "இதுதான் சார் இப்ப நல்லா போற கலர்" என்ற விற்பனையாளர் வாக்கே இவர்களுக்குப் பிரமாணம். இதை மறுக்க ஒரு குழல் விளக்கு போதும். நிற வெப்பநிலைக் கணக்கில் கடையின் மஞ்சள் விளக்கு ஏறத்தாழ 2700 கெல்வின், வீட்டு டியூப்லைட் 6500. ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோல் தெரிந்த சோபாத் துணியும் திரைத் துணியும் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்து நிற்பதுண்டு; சாயக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. மின்வெட்டு நேரத்து மங்கல் வெளிச்சத்திலோ சிவப்பு முதலில் இருண்டுவிடும், நீலம் தாக்குப்பிடிக்கும். செக் நாட்டு உடலியலாளர் பர்கின்யே கண்டுசொன்னது இது. ஆகவே துணித்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சுவரில் சாய்த்துப் பார்ப்பதே முறை. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இனி சுபக்கம். இவ்வாய்வு நாட்டும் கொள்கை அழுக்குவாதம்: சோபாவின் நிறத்தைத் தீர்மானிப்பது சுவரல்ல, அதன்மேல் விழப்போவது. முதற்சான்று சாம்பார். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்ற நிறமி, சோப்பிலுள்ள காரம் பட்டால் சிவக்கும். எனவே வெளிர்நிற சோபாவில் சிந்திய சாம்பாரைச் சோப்புப் போட்டுத் துடைத்தவர் மஞ்சள் கறைக்குப் பதில் சிவப்புக் கறை பெறுவார். வெயிலில் குர்க்குமின் சிதைந்து வெளுக்கும் என்பது உண்மை. வேட்டியை மொட்டைமாடியில் காயப்போடலாம். மூன்று பேர் உட்காரும் சோபாவை எப்படிப் போடுவது?

இரண்டாவது, தலை எண்ணெய். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கனவான்கள் மகாசர் எண்ணெய் தடவிய தலையைச் சாய்த்துச் சாய்த்து நாற்காலிகளைப் பாழாக்கியதால், சாய்மானத்தின்மேல் துணி விரிக்கும் வழக்கமே பிறந்தது. தேங்காய் எண்ணெய் நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கறுப்பு தப்பிக்குமா எனின், தப்பாது: தூசியும் நரைமுடியும் அதில்தான் பளிச்சென்று தெரியும். ஜன்னலோரத்து அடர்நிறம் வெயிலில் வெளிறும். (துணியின் சாய உறுதியை 1 முதல் 8 வரை அளக்க நீலக் கம்பளித் துண்டுகளாலான அளவுகோலே உண்டு, அதைக் கடையில் கேட்டவரை இவ்வாய்வு கண்டதில்லை.) எஞ்சுவது நடுத்தர அடர்த்தியில், இரண்டு மூன்று நிற நூல் கலந்து நெய்த காப்பிப்பொடி நிறம். பொருத்தவாதிகள் ரசனையில்லை என்று பழிக்கும் அந்தப் பழுப்பே, கறைகளெல்லாம் சேர்ந்து வடிகட்டித் தந்த நிறம்.

ஓர் ஆட்சேபம் மிச்சமுண்டு. இத்தனை ஆராய்ந்து வாங்கிய சோபாவின்மேல் மறுநாளே பூப்போட்ட டர்க்கி டவல் விரிக்கப்படுகிறதே, அதன் நிறத்துக்கு விதி என்ன? அந்த டவல் பெரும்பாலும் ஏதோ கல்யாணத்தில் வந்தது. கொடுத்தவர் வரும்போது அது கண்ணில் பட்டாக வேண்டும். எனவே அது நிறவியலில் சேராது, மொய்க்கணக்கில் சேரும்.